காகச் சோற்றின் கடைசி வாய் எது? வாவிக்கரை வளவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு வளவுகளில் மதிலின் மேல் காகத்துக்கு வைக்கும் சோறு யாரைப் போய்ச் சேருகிறது? பிதிர்களை என்பார்கள் பெரியவர்கள். காகத்தை என்பார்கள் பிள்ளைகள். இரண்டு விடையும் பாதி வழியில் நின்றுவிடுகின்றன. அதில் ஒரு பங்கு குயிலின் வயிற்றுக்குப் போகிறது என்பதே இவ்வாய்வின் துணிபு. மட்டக்களப்பு வாவியில் பாடுவது மீனா ஊரியா என்று அறிய, அன்றைய இலங்கைக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் வள்ளமேறிப் போய்க் காது கொடுத்தார். நம் வீட்டுச் சோற்றில் வளர்ந்து மாமரத்திலிருந்து பாடுவதை விசாரிக்கத்தான் ஒருவரும் வள்ளமேறவில்லை. வள்ளம் தேவைப்படாததே காரணமாக இருக்கலாம். எளிதில் கிடைக்கும் பொருளை ஆய்வுலகம் மதிப்பதில்லை.

முதற் சான்று நாட்காட்டி. சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிக் குயிலின் குரல் வலுக்கிறது. சிங்கள அயலவர் அதைக் 'கொஹா' என்றழைத்துப் புத்தாண்டின் கட்டியக்காரனாகவே கொண்டாடுகிறார்கள். தாயை இழந்தவர்களுக்குச் சித்திராப் பௌர்ணமி, தகப்பனை இழந்தவர்களுக்கு ஆடி அமாவாசை. பின்னதில் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் ஊரே முழுகி எழுந்து வந்து காகத்தைக் கூப்பிடுகிறது. காகம் கூடு கட்டி, அடைகாத்து, குஞ்சுக்கு இரை தேடி அலையும் முக்கிய காலம் இவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்டது. குயிலோ கூடு கட்டுவதேயில்லை. கறுத்த ஆண் குயில் அருகில் நின்று கூவிக் காகங்களைத் துரத்த வைக்க, மண்ணிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட பெண் குயில் அந்த இடைவெளியில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது என்பது பறவை நோக்குவோர் நெடுநாளாகச் சொல்லிவரும் செய்தி. காக முட்டை பொரிக்க 16 முதல் 20 நாள் செல்லும். குயில் முட்டைக்கு 12 முதல் 14 நாள் போதும். பந்தியில் முதல் ஆளாகக் குந்திவிடுகிறது குயில் குஞ்சு. 1788இல் எட்வர்ட் ஜென்னர் எழுதிய ஐரோப்பியக் குயில் குஞ்சு கூட்டிலுள்ள மற்றவற்றை முதுகால் தள்ளி வீழ்த்தும். நம்மூர்க் குயில் பொதுவாக அவ்வளவு முரடில்லை; கூட இருந்தே தின்று தீர்க்கும்.

குயில் பழந்தின்னி, அதற்குச் சோறு எதற்கு என்று ஒரு மறுப்பு எழலாம். பழம் பிறகு வந்த பழக்கம். கூட்டில் இருக்கும்வரை காகம் கொடுப்பதுதான் சாப்பாடு. காகம் கொடுப்பதில் புழுவும் உண்டு, மீன் சந்தைக் கழிவும் உண்டு, நம் பருக்கையும் உண்டு. வைத்த சோற்றைக் காகம் அங்கேயே விழுங்கிவிடுகிறதே என்பது அடுத்த மறுப்பு. விழுங்குவதுபோலத் தெரிவதெல்லாம் விழுங்குவதல்ல. குஞ்சுள்ள காகம் இரையைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு பறக்கும். மதிலில் இரண்டே கொத்தில் அவசரமாகக் கிளம்பும் காகத்தை நன்றிகெட்டது என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மூன்றாவது மறுப்புக்கு மட்டும் தலைவணங்க வேண்டியிருக்கிறது: புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்து வைக்கும் சோறு. அதற்குள் கூடுகள் பெரும்பாலும் வெறுமையாகிவிடுவதால், சனீஸ்வரனின் வாகனத்துக்கு வைத்தது வாகனத்துக்கே போகிறது. நம் கோட்பாடு ஆடிக்குச் செல்லும், புரட்டாதிக்குச் செல்லாது.

எஞ்சுவது சட்டச் சிக்கல். காகத்தின் அலகு பட்டதுமே பிதிர்கள் திருப்தி அடைந்துவிடுகிறார்கள், அதற்கு மேல் சோறு எங்கே போனால் என்ன என்பர் வைதிகர். வேறு ஊரில் இந்த வாதம் எடுபடலாம். மட்டக்களப்பில் குடி எனும் குலப்பிரிவு தாய்வழி. கிறிஸ்தோபர் பிறிட்டோ 1876இல் இவ்வூர் முக்குவர் சமூகத்தின் சட்டத்தைப் பற்றி நூலே எழுதும் அளவுக்கு அது வாரிசுரிமையோடு பின்னியது. இங்கே எந்தப் பிள்ளை எந்தச் சோற்றுக்கு உரித்து என்பது விளையாட்டுக் கேள்வியல்ல. முட்டையிட்டவளைத் தாயாகக் கொண்டால் குஞ்சு குயில் குடி. காகத்துக்கென்று வைத்த சோற்றில் அதற்குப் பங்கில்லை. ஊட்டியவளைத் தாயாகக் கொண்டால் அது காகக் குடி. பங்கு முழுவதும் உண்டு. ஆனால் அப்போது வருடப் பிறப்பன்று மாமரத்தில் கூவுவதைக் குயில் என்று சொல்லும் உரிமையை நாம் இழக்கிறோம். குடிக்கணக்குத் தெரிந்த பெரியவர்கள் கூடித் தீர்ப்புச் சொல்லும்வரை, ஆடி அமாவாசையன்று ஒரு பிடி கூட வைப்பது பாதுகாப்பு.