முக்கால் சுற்று: கிள்ளான் பள்ளத்தாக்கின் எண்ணெய் வடிகட்டிகள் குறித்த நுண்ணாய்வு

ஆய்வின் தேவை

கோலாலம்பூர், உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நான்கு முறை கண்ட நகரம். 1966-இல் தனிநாயகம் அடிகள் முன்னின்று கூட்டிய முதல் மாநாடு, 1987-இல் ஆறாவது, 2015-இல் ஒன்பதாவது, 2023-இல் பதினொன்றாவது. யாழின் நரம்பிலிருந்து யாப்பின் அசை வரை அங்கே அலசித் தீர்த்திருப்பார்கள். ஆனால் பேராளர்களை விடுதியிலிருந்து மண்டபத்துக்கு ஏற்றிவந்த வேனின் எஞ்சின் எண்ணெயை எது வடிகட்டியது, அதை யார் தேர்ந்தெடுத்தார், தேர்ந்தெடுத்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்ட கட்டுரை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. இந்த ஆய்விடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது. இதுவரை யாரும் எழுதவில்லை என்பதே எழுதப் போதிய காரணம் என்பது துறையில் ஏற்கப்பட்ட மரபு.

ஆய்வெல்லை: வடக்கே ரவாங், தெற்கே காஜாங், கிழக்கே காராக் நெடுஞ்சாலையின் ஏற்றம், மேற்கே கிள்ளான் துறைமுகம். கருதுகோள்: நல்ல வடிகட்டி நல்லது. வேறு முடிவு கிடைத்தால் தரவுகள் திருத்தப்படும்.

மூலங்கள் இருவகை. முதன்மை மூலம், வடிகட்டி வரும் அட்டைப் பெட்டி. துணைமை மூலம், அந்தப் பெட்டியைப் படிக்காதவர்கள் சொல்லும் அனைத்தும். இரண்டாவதே அளவில் பெரிது.

வடிகட்டிகளை ஐந்திணைக்குள் அடக்கும் முயற்சியை நான் மேற்கொள்ளவில்லை. எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் யாரோ அதை முனைவர் பட்டத்துக்கு ஏற்கெனவே செய்துகொண்டிருப்பார். அவர் வயிற்றில் அடிக்க எனக்கு மனமில்லை.

வரலாறு

ஃபோர்டின் மாடல் டி காருக்கு எண்ணெய் வடிகட்டியே கிடையாது. 1923-இல் அமெரிக்காவில் சுவீட்லண்ட், கிரீன்ஹால் என்ற இருவர் கார் எஞ்சினுக்கு ஒரு வடிகட்டியை உருவாக்கி அதற்குப் பியூரோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். திருகிக் கழற்றித் தூக்கி எறியும் தகர டப்பா 1954-இல் விக்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. பழைய ஃபோக்ஸ்வேகன் வண்டுக்காரோ கம்பிவலை ஒன்றைக் கழுவிக் கழுவி மாட்டியே காலத்தை ஓட்டியது. இவற்றுக்கெல்லாம் முன்பே தமிழனிடம் எஞ்சின் வடிகட்டி இருந்தது என்று நிறுவ ஒரு சாயங்காலம் போதும். எனக்கு அந்தச் சாயங்காலம் இன்னும் வாய்க்கவில்லை.

வகைப்பாடு

ஸ்பேர் பார்ட் கடை மேசையின் மேல் வடிகட்டிகள் மூவகைப்படும்: ஒரி, ஓஇஎம், சிப்லாக். கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவது ஒரி. அதே தொழிற்சாலை தன் சொந்தப் பெட்டியில் போட்டுத் தருவது ஓஇஎம் என்பது கோட்பாடு; கடை முதலாளியான தவுக்கேயின் பின்பக்க அலமாரியில் இருப்பதெல்லாம் ஓஇஎம் என்பது நடைமுறை. சிப்லாக் என்பது ஒரியைவிட அழகாக அச்சடித்த பெட்டியில் வருவது. மூன்றுக்கும் விலை சில வெள்ளிதான் வேறுபடும். அந்தச் சில வெள்ளிக்காக நம் ஆட்கள் செலவிடும் பேச்சுக்குக் கணக்கு வைத்தால் ஒரு எஞ்சினே வாங்கிவிடலாம். (காண்க: பெட்டி, வலப்புறம்.)

டப்பாவின் மேல் ஒட்டும் காந்தம்: ஒட்டும்.

கழிப்பறைக் காகிதச் சுருளையே வடிகட்டியாகப் போடும் ஃபிரான்ட்ஸ் என்ற அமெரிக்கக் கருவி ஒன்று உண்டு. பொய்யில்லை. எண்ணெயில் ஒரு சிறு பங்கை மட்டும் பிரித்து மெல்ல வடிக்கும் துணை வடிகட்டி அது; மெல்ல வடிப்பதால் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும். இதைப் பற்றி நம் பட்டறைகளில் கேட்டபோது கிடைத்த பதில்கள் ஆய்வேட்டில் அச்சேறும் தரத்தில் இல்லை.

உள்ளமைப்பு

மலேசியத் தமிழர் மினியாக் ஈத்தாம் என்று வாஞ்சையோடு அழைக்கும் எஞ்சின் எண்ணெய், டப்பாவின் அடியில் விளிம்பை ஒட்டி வட்டமாக இருக்கும் சிறு துளைகள் வழியே உள்ளே போகிறது. மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெளியிலிருந்து உள்ளாகக் கடக்கிறது. நடுவில் மரை வெட்டிய பெருந்துளை வழியே எஞ்சினுக்குத் திரும்புகிறது. காகிதத்தின் திறமையைச் சோதிக்க ஐஎஸ்ஓ 4548-12 என்று ஒரு முறை இருக்கிறது. அதில் பீட்டா 75 என்று வந்தால், குறிப்பிட்ட அளவுள்ள துகள் 75 உள்ளே போனால் ஒன்றுதான் தப்பும், அதாவது 98.7 விழுக்காடு பிடிபடும். நம் கடைப் பெட்டிகளில் பெரும்பாலும் இந்த எண்ணைக் காண முடியாது. அதன் இடத்தில் ஒரு ஹோலோகிராம் மின்னும்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விளிம்புத் துளைகளில் ஒன்றில் பேனா மூடியின் முனையை மெதுவாக விட்டுப் பார்த்தால், உள்ளே மெத்தென்று ஒரு ரப்பர் நாக்கு தட்டுப்படும். வண்டியை நிறுத்தியபின் டப்பாவுக்குள் இருக்கும் எண்ணெய் திரும்ப வடிந்து ஓடாமல் தடுக்கும் அடைப்பு அது. அது விறைத்துக் கிடந்தாலோ, சரியாக ஒட்டாமல் இருந்தாலோ, காலையில் சாவியைத் திருப்பியதும் எண்ணெய் மேலேறும்வரை எஞ்சின் கடகடவென்று இரண்டு நொடி புலம்பும். ரப்பர் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் நைட்ரைல். ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் பெரும்பாலும் சிலிக்கோன், அது சூட்டை அதிகம் தாங்கும். இதைச் செய்யும்போது தவுக்கே உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பார்வையைப் பொருட்படுத்தாதவனே ஆய்வாளன்.

அடுத்தது மாற்றுவழி வால்வு. காகிதம் அழுக்கால் அடைபட்டாலோ, எண்ணெய் அளவுக்கு மீறி கெட்டியாக இருந்தாலோ, எஞ்சின் எண்ணெய் இல்லாமல் சாகக்கூடாதே என்று ஒரு ஸ்பிரிங் திறந்து, வடிகட்டாத எண்ணெயை அப்படியே உள்ளே விட்டுவிடும். அழுக்கு எண்ணெய், எண்ணெயே இல்லாததற்கு மேல் என்ற ஞானம் இதில் அடங்கியிருக்கிறது. மாநாட்டுக் கட்டுரைத் தேர்வுக்குழுக்களும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. கட்டுரைகள் வந்து அடைத்துக்கொள்ளும் ஒரு கட்டத்தில் ஸ்பிரிங் திறக்கிறது. அதற்குப்பின் வந்ததெல்லாம் கட்டணச் சீட்டோடு நேரே மலருக்குள் போகிறது. வேறுபாடு ஒன்றே: வடிகட்டியை 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

அந்த 6 மாதமும் சும்மா சொன்னதில்லை. 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்று சர்வீஸ் ஸ்டிக்கரில் இருந்தால், நம் ஆட்கள் கண்ணுக்குக் கிலோமீட்டர் மட்டுமே தெரியும். கிள்ளானிலிருந்து பெடரல் நெடுஞ்சாலையில் புறப்பட்டு பத்து தீகாவில் நின்று, சுபாங்கில் நின்று, அங்காசாபுரி அருகே நின்று பிரிக்ஃபீல்ட்ஸ் வந்து சேர்கிறவரின் மீட்டர் ஓடாவிட்டாலும் எஞ்சின் ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. மீட்டர் தூரத்தை எண்ணும். எண்ணெய் நேரத்தை எண்ணும்.

இடைச்செருகல்

கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "வண்டி என்ன அண்ணே?" மூலபாட ஆய்வின் அடிப்படை தெரியாத கேள்வி இது. கிள்ளான் பள்ளத்தாக்கு ஹாஃப்கட் கடைகளின் பூமி. ஜப்பானில் பாதியாக அறுத்துக் கப்பலேற்றிய காரின் முன்பாதி இங்கே வந்து இறங்குகிறது. அதன் எஞ்சின் உள்ளூர் வண்டிக்குள் குடியேறுகிறது. வெளியே 1994-இல் பிறந்த உள்ளூர்க் கான்சில் காரின் பெயர்ப்பலகை. உள்ளே ஜப்பானிய மீரா காரின் டர்போ. பதிப்பாசிரியர்கள் இதை இடைச்செருகல் என்பார்கள். எனவே கேட்கவேண்டியது "எஞ்சின் என்ன?" என்பதே. வண்டியின் பதிவுச் சான்றான கிராண்ட்டில் எஞ்சின் எண் இருக்கிறது; கிராண்ட்டிலும் மாற்றிப் பதியாமல் விட்டிருந்தால் அது சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேவின் ஆய்வுப்புலம்.

இதில் ஒரு பாடபேதம் உயிர்க்கொல்லி. மிட்சுபிஷி வழிவந்த பழைய சாகா எஞ்சினுக்கு 20 மில்லிமீட்டர் மரை, ஒவ்வொரு புரிக்கும் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி. வியோஸ் 1.5-இன் பழைய 1என்இசட் எஞ்சினுக்கு முக்கால் அங்குல மரை, அங்குலத்துக்கு 16 புரி; அதாவது 19.05 மில்லிமீட்டர் பருமன், புரி இடைவெளி சுமார் 1.59. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். சாகாவின் டப்பாவை வியோஸில் திருகினால் அது ஏறும். இறுகியதுபோல நடிக்கவும் செய்யும். எண்ணெய் அழுத்தம் ஏறியதும் தன் உண்மையான கருத்தைச் சொல்லும். கசிவில் தொடங்கி, சில சமயம் டப்பாவே கழன்று விழுவதில் முடியும். விற்பவர் "சேம் சைஸ்லா" என்று சொன்னால் பாகத்தின் எண்ணைக் கேளுங்கள். சைஸ் என்பது மரபிலக்கணத்தில் இல்லாத சொல்.

முக்கால் சுற்று: மூலமும் உரையும்

இனி ஆய்வின் இதயம். டப்பாவின் முதுகிலோ பெட்டியின் பக்கத்திலோ பெரும்பாலும் ஒரே நூற்பாதான் காணப்படுகிறது. அதன் கருத்து: ரப்பர் வளையம் தொட்டபின் முக்கால் சுற்று கையால் இறுக்குக. இவ்வளவு சுருக்கமான நூலுக்கு நம் பட்டறைகளில் எழுந்த அளவு உரைகள் வேறெங்கும் எழவில்லை.

கிள்ளான் உரை, "கை" என்பதை ஆகுபெயராகக் கொள்கிறது. கையில் பிடித்த ஃபில்டர் ரெஞ்சும் கையே. இதற்கு அவ்வுரைகாரர் காட்டும் சான்று, தன் கையிலிருக்கும் ரெஞ்ச். (கிள்ளான் உரை, கிரீஸ் படிந்த படி, சில எழுத்துகள் மறைந்துள்ளன, மறைந்த பகுதியே அவருடைய வாதத்துக்கு ஆதாரம்.)

பிரிக்ஃபீல்ட்ஸ் உரை இதை மறுக்கிறது. கை என்றால் கை. கருவியால் இறுக்குக என்பது நூலாசிரியர் கருத்தாயின் அவ்வாறே ஓதியிருப்பார். இதற்குக் கிள்ளான் உரைகாரர் எழுதாமல் சொன்ன மறுமொழி உரையாசிரியர் நச்சினார்க்கினியரே எழுந்து கைதட்டக்கூடியது. "கையால்" என்ற சொல்லை அது நிற்கும் இடத்திலிருந்து தூக்கிக்கொண்டுபோய் "தொட்டபின்" என்பதோடு கூட்டினார். இப்போது பொருள்: கையால் தொட்டபின், எதனால் வேண்டுமானாலும் முக்கால் சுற்று இறுக்குக. இப்படி ஒரு மாட்டேற்றைக் கண்டபிறகு நம் உரைமரபு பட்டறைகளில்தான் உயிரோடு இருக்கிறது என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

பூச்சோங் உரை கேட்பது வேறு: யார் கை? நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் கையா, முப்பது வருடம் நட்டு முறுக்கிய போமன் கையா? இந்தக் கேள்விக்கு எந்தப் பெட்டியும் விடை தரவில்லை. விடை வரும்வரை எண்ணெய்க் கையால் பிடித்தால் வழுக்கும் என்பதால் துணி சுற்றிக்கொள்ளலாம் என்று அவ்வுரை இசைவு தருகிறது. துணி கருவியா, கையின் நீட்சியா என்பது தனி நூலுக்குரிய விவாதம். (பூச்சோங் உரை, பழைய பனியன் கிழிசல் பகுதி, ஒப்பிடுக: அதே பனியனின் மறுகிழிசல், டிப்ஸ்டிக் துடைக்கப் பயன்பட்டது, பாடம் கெட்டுள்ளது.)

"ரப்பர்" என்ற சொல்லில்தான் உண்மையான ஆபத்து. எந்த ரப்பர்? பழைய டப்பாவைக் கழற்றும்போது அதன் வளையம் சூட்டில் ஒட்டிக்கொண்டு எஞ்சின் முகத்திலேயே தங்கிவிடுவதுண்டு. அதைப் பார்க்காமல் புதியதைத் திருகினால் இரண்டு வளையம் ஒன்றன்மேல் ஒன்று. முடுக்கியதும் எண்ணெய் பீறிட்டுத் தரையைக் கழுவும். கிள்ளான், பிரிக்ஃபீல்ட்ஸ், பூச்சோங் மூவரும் ஒத்துப்போகும் ஒரே இடம் இது: கழற்றியதும் பழைய டப்பாவின் வாயைப் பார், வளையம் இருக்கிறதா என்று, புதிய வளையத்தில் விரலால் புதிய எண்ணெய் தடவு, அதன்பிறகே மாட்டு. மூன்று உரைகாரர்கள் ஒத்துப்போனதைக் கண்டு அதிர்ந்த நான் பிழை எங்கே என்று நெடுநேரம் தேடினேன். இல்லை.

"முக்கால்" என்பதற்குக் காஜாங் உரை ஒரு சுற்று என்று பொருள் கொண்டு, அதன்மேல் மனத்திருப்திக்காக இன்னும் கொஞ்சம் என்று விரிவுரை தருகிறது. இவ்வுரையைப் பின்பற்றிய வண்டிகளை அடுத்த சர்வீசில் அடையாளம் காணலாம்: டப்பாவின் குறுக்கே ஸ்க்ரூடிரைவரைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அதைப் பிடித்து முறுக்கிக் கழற்றுவார்கள். தகரம் கிழியும்; டப்பா நகராது. காஜாங் உரைகாரரிடம் முக்கால் ஏன் ஒன்று ஆனது என்று கேட்டதற்கு, "முக்கால்னா மனசு நிக்காது தம்பி" என்றார். (காஜாங் உரை, அஞ்சடி மரபு, இரண்டாம் கிளாஸ் தே தாரேக்குப் பின் ஓதிய பாடம், முதல் கிளாசில் ஓதிய பாடம் ஒன்றேகால் சுற்று, இரண்டையும் ஒப்பிட்டுப் பதிப்பிக்க நிதி கேட்டு விண்ணப்பித்துள்ளேன், விண்ணப்பம் பின்னிணைப்பு 4, பின்னிணைப்பு 4 காரிப்பாப் பொதிந்த தாள், எண்ணெய் ஊறித் தெளிவிழந்துள்ளது, அந்த ஊறலின் பரப்பைக் கொண்டு அவ்வெண்ணெய் வடிகட்டப்படாதது என்று துணியலாம்.)

வழக்கொழிந்தபின்

அறிஞர்களால் இயலாத வகைப்பாட்டை அரசு 2005-இல் முடித்துவிட்டது. மலேசியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் வந்த அபாயக் கழிவு விதிகளில் பழைய எஞ்சின் எண்ணெய்க்கு எஸ்டபிள்யூ 305 என்று பெயர். எண்ணெய் ஊறிய துணிக்கும் வடிகட்டிக்கும் எஸ்டபிள்யூ 410. ஒரி, ஓஇஎம், சிப்லாக் என்ற பேதமில்லை, ஒரே எண். பூச்சோங் உரைகாரர் எழுப்பிய துணி கருவியா, கையா என்ற விவாதத்துக்கும் இதில் எதிர்பாராத தீர்ப்பு கிடைக்கிறது: துணியும் வடிகட்டியும் ஒரே இனம். வீட்டில் தாமே மாற்றுகிறவர்கள் டப்பாவைக் கவிழ்த்து ஓர் இரவு வடியவிட்டு, வடிந்ததை மூடிய கலனில் பிடித்து, டப்பாவோடு பட்டறையில் கொடுக்க வேண்டும். உரிமம் பெற்றவர் அதை எடுத்துப்போவார். கிள்ளான் ஆற்றுக்குப் போகும் சாக்கடையில் ஊற்றுகிறவர்களுக்கு இவ்வாய்வில் இடமில்லை; அவர்களை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்க மாட்டேன்.

மேலாய்வுக்குரிய களங்கள்: ஏர் ஃபில்டர், ஏர்கோன் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர். கியர் எண்ணெய் பற்றி ஆராய விரும்புவோர் வாழ்நாள் முழுதும் மாற்ற வேண்டாம் என்று சொல்கிறவர்களிடம், யாருடைய வாழ்நாள் என்று முதலில் கேட்டுத் தெளிவு பெறவும்.