கோப்பையா, கல்லூரியா?

கேள்வி: அமெரிக்க உயர்நிலைப் பள்ளி லக்ராஸ் அணிகள், பருவத்தில் பெற்ற வெற்றிகளைவிடப் பழைய மாணவர்களின் கல்லூரிச் சாதனையைப் பெரிதாகப் பேசுவது ஏன்?

பதில்: வலைப்பை கட்டிய மட்டையால் ரப்பர்ப் பந்தை ஏந்தி, பக்கத்துக்குப் பத்துப் பேராக ஆடும் லக்ராஸில், இளவேனிலோடு பள்ளிப் பருவம் முடிந்து கோப்பை அலமாரிக்குள் அடங்கிவிட, பழைய மாணவரோ கல்லூரியில் ஆடி மேலும் நான்காண்டு பள்ளிக்குச் சம்பளமில்லா விளம்பரதாரராகிறார். நியூயார்க் மாநிலத்தின் லஃபயெட் உயர்நிலைப் பள்ளியில் ஆடிய லைல், மைல்ஸ் தாம்சன் சகோதரர்கள், பின்னர் ஆல்பனி பல்கலைக்கழகத்துக்கு ஆடி, சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான டெவாரட்டன் விருதை 2014-இல் பகிர்ந்துகொண்டனர். அவ்வாண்டு லைல் 51 கோல்கள் அடித்ததோடு, பிறர் கோலடிக்கப் பந்து கொடுத்து உதவியது 77 முறை என்பதால், இரண்டும் கூடிய அவரது புள்ளிகள் 128 ஆயின. லக்ராஸை உலகுக்கு அளித்தவர்கள், இச்சகோதரர்களும் சேர்ந்த வட அமெரிக்கப் பழங்குடியினர். விருதுச் சிலையில் மோஹாக் பழங்குடி ஆட்டக்காரர் 2001 முதலே நின்றிருந்தும், அதைக் கையில் வாங்கப் பழங்குடியினர் 13 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இத்தகைய சாதனையைக் காட்டி ஆசையூட்டும் பள்ளிகள் கணக்கை மட்டும் மெதுவாகச் சொல்கின்றன: கல்லூரிப் போட்டிகளின் முதல் பிரிவு ஆடவர் அணி ஒன்றுக்கு அண்மைக்காலம் வரை அனுமதிக்கப்பட்ட முழு உதவித்தொகைகள் 12.6 மட்டுமே என்பதால், நாற்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் அதையே துண்டுபோட்டுப் பகிர்ந்தனர். ஆகவே மட்டையைத் தூக்கும் மாணவர் பாடப்புத்தகத்தைக் கீழே வைக்காதிருப்பதே பெற்றோரின் பணப்பைக்கு நல்லது.