கூமுட்டை நாற்றமும் கறுத்த பிளக்கும்

திருப்பூரில் காருக்குள் கூமுட்டை நாற்றம் அடித்தால் யாரும் காரைச் சந்தேகிப்பதில்லை. "ஜம்மனை ஓடை வந்துருச்சு, கண்ணாடிய ஏத்துங்க" என்பார்கள். அந்தப் பழக்கத்துக்கு நியாயம் உண்டு. சாயப்பட்டறைகளில் துணிக்குச் சாயமேற்றப் பயன்படும் உப்பும் சோடியம் சல்பேட்டும் கலந்த தண்ணீர் பல வருஷம் ஓடைகள் வழியே நொய்யல் ஆற்றில்தான் இறங்கியது. அது காற்றில்லாமல் தேங்கிய இடங்களில் பாக்டீரியா சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றிவிடும். அந்த ஆற்றில் 1992-இல் பாசனத்துக்காகத் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, கடைசியில் சாயத் தண்ணீர்த் தொட்டியாகவே ஆனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதிக்கு உயிர் வந்தது.

எங்கள் கார் நாறியது காங்கேயம் தாண்டி வெள்ளகோவில் போகும் சாலையில். இருபுறமும் மேட்டாங்காடு. ஓடையும் இல்லை, சாயப்பட்டறையும் இல்லை. கண்ணாடியை இறக்கியதும் நாற்றம் குறைந்தது, ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் கூடியது. ஓடையில் கிளம்பும் அதே ஹைட்ரஜன் சல்பைடு எங்கள் புகைக்குழாயிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

எண்பதுகளில் ராயபுரத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த என் மாமாவின் பெட்ரோல் அம்பாசிடருக்கு வேறு நாற்றம். பின்சீட்டில் பனியன் பண்டலோடு உட்கார்ந்தால் பச்சைப் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும். பல்லடம் ரோட்டு மெக்கானிக் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டி, விரலைத் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். பிசுக்கென்று ஒட்டினால் ஆயில் எரிகிறது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். அப்புறம் பிளக்குகளைக் கழற்றி ஃபெண்டர் மேல் துணி விரித்து வரிசையாக வைப்பார். முனை செங்கல் நிறமென்றால் சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கறுத்திருந்தால் "ஏனுங், வண்டி ரிச்சா ஓடுதுங்க". கார்புரேட்டரின் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் திருப்புத் திருப்பி, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு நிறுத்துவார்.

அந்த அம்பாசிடர் வெளியே விட்ட விஷம் இன்றைய காரைவிடப் பல மடங்கு. பெட்ரோலில் ஈயமே கலந்திருந்த காலம் அது. நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் மட்டும் என்றானது 2000 பிப்ரவரியில். கந்தகமும் அன்று அதிகம். ஆனாலும் கூமுட்டை நாற்றம் அடிக்கவில்லை. கந்தகம் எரிந்து சல்பர் டை ஆக்சைடாக வெளியே போய்விட்டது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 1995-இல் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களின் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமான பிறகு வந்த நாற்றம் இது. கன்வெர்ட்டர் கந்தகத்தைக் கொஞ்சம் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கிறது. எரியாத பெட்ரோல் அதிகமாக வந்து ஆக்சிஜன் பற்றாமல் போனால், அந்தக் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகக் கிளம்புகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 மாசு விதி வந்ததிலிருந்து பெட்ரோலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. அவ்வளவு குறைந்த கந்தகத்திலும் நாறுகிறது என்றால் பெட்ரோல் மிக அதிகமாகப் பாய்கிறது என்று பொருள், அல்லது கன்வெர்ட்டரே சோர்ந்துவிட்டது.

நாறிய காரோடு நாங்கள் முதலில் போன ஒர்க்ஷாப்பில், வண்டியை முழுதாகப் பார்க்காமலே கன்வெர்ட்டரை மாற்றச் சொன்னார்கள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள். விலை அதற்குத் தகுந்தாற்போல. இன்னொருவர் அதை அறுத்தெடுத்துவிட்டு வெறும் குழாய் வைக்கலாம் என்றார். அது நம் வீட்டு நாற்றத்தைத் தெருவுக்கு அனுப்புகிற வேலை. நொய்யலில் நடந்ததும் அதுதான்.

மூன்றாவதாகப் பார்த்த இளைஞர் முதலில் பேட்டரியை முகர்ந்தார். சார்ஜ் அளவு மீறினால் பேட்டரியும் இப்படி நாறும் என்றார். பேட்டரி சரியாகவே இருந்தது. பிறகு ஸ்கேனரை மாட்டினார். கலவை ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், என்று எரர் கோடு காட்டியது. காரின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தும் முடியவில்லை. அதற்கு மேல் ஸ்கேனர் சொல்லவில்லை. அவர் பிளக்குகளைக் கழற்றித் துணியில் வரிசையாக வைத்தார். மூன்று பழுப்பு, ஒன்று கரிக்கட்டை. அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் மூடிய பின்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றி, பிளக்கையும் மாற்றினார். நாற்றம் போயிற்று, கன்வெர்ட்டர் பிழைத்தது. காரணத்தை விட்டுவிட்டுப் புதுக் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதையும் அந்தச் சொட்டே தின்றிருக்கும்.

என் கவலை நாற்றத்தைப் பற்றி மட்டுமல்ல. பெட்ரோல் அதிகமாகப் பாயும் இன்ஜினில் கார்பன் மோனாக்சைடும் கூடும். அதற்கு மணமே கிடையாது. சைலன்சரில் ஓட்டையோ, டிக்கி ரப்பரில் பிளவோ இருந்தால் அது காருக்குள் ஏறி ஆளைக் கொன்றுவிடும். ஆகவே ஓடை தாண்டியும் நாற்றம் தொடர்ந்தால் கண்ணாடியை ஏற்றாதீர்கள். இறக்குங்கள், வண்டியை ஓரங்கட்டுங்கள், மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். மெக்கானிக்கிடம் பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.