தாலியும் தசையும்

கே: மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மட்டும் என் சுகர் எகிறுகிறது. சாப்பாடு அதேதான். மீட்டர் பழுதா?
– வாசகி, கரூர்

ப: மீட்டர் யோக்கியமானது. கருமுட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏறும். சிலருக்கு அப்போது இன்சுலின் பேச்சு எடுபடாது. விலக்குத் தேதியையும் சுகரையும் ஒரே நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மருந்தளவை அவர் மாற்றட்டும்!

கே: இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜென் எப்படி?
– வாசகர், தேனி

ப: இன்சுலினுக்கு ஒத்தாசை. கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் ஒதுக்கிவைக்கும். மாதவிடாய் நின்றால் ஒத்தாசை போச்சு. கொழுப்பு வயிற்றுக்குள் குடியேறும். "அதே சாப்பாடுதான், தொப்பை எப்படி வந்தது?" என்று அம்மா கேட்டால் நம்புங்கள்.

கே: கர்ப்பிணி மனைவிக்கு சுகராம். மாம்பழம் தின்றதாலா?
– வாசகர், சேலம்

ப: மாம்பழத்தை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்தி, குழந்தைக்குச் சர்க்கரையைத் திருப்பிவிடுகின்றன. கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்ட வேண்டும், முடியாதபோது சுகர். நஞ்சுக்கொடி விழுந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடும். ஆனால் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி டெஸ்ட் அவசியம். குழந்தையின் தடுப்பூசித் தேதி ஞாபகம் இருக்கிறதல்லவா? இதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கே: சுகர் டெஸ்டுக்குப் பட்டினி கிடக்கணுமா?
– வாசகி, செங்கம்

ப: கர்ப்பத்தில் செய்வதற்கு வேண்டாம். 75 கிராம் குளுக்கோஸ், இரண்டு மணி நேரம், ஒரே ஊசிக்குத்து. 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பெண்ணுக்கும் ஒத்துவரும் இந்த முறைக்காகப் பாடுபட்டவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்த மார்ச் 10, இப்போது கர்ப்பகால சர்க்கரைக்கான தேசிய விழிப்புணர்வு நாள். கொண்டாடத் தகுந்த பிறந்தநாள்!

கே: மகளுக்கு பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி). கழுத்துக் கருப்பு தேய்த்தாலும் போகவில்லை.
– வாசகி, திருச்சி

ப: பீர்க்கங்கூட்டைக் கீழே போடுங்கள். அது அழுக்கல்ல, ரத்தத்தில் இன்சுலின் கூடியதன் அடையாளமாக இருக்கலாம். கூடிய இன்சுலின் சினைப்பையை உசுப்பி ஆண் ஹார்மோனைச் சுரக்கவைக்கும். முகத்தில் ரோமமும் தள்ளிப்போகும் தேதியும் அதன் கைவரிசை. தேவை சோப்பு அல்ல, ரத்தப் பரிசோதனை.

கே: "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்கிறாரே என் மாமியார்?
– அதே வாசகி

ப: தசையிடம் இன்சுலின் பேச்சு எடுபடாததுதான் சிக்கல். தாலி கட்டுவதால் தசை சர்க்கரையை வாங்கிவிடாது. நடந்தால் வாங்கும்!