மணிக்கு எத்தனை நிமிடம்?

ஓடுகிற கடிகாரம் மெதுவாகத்தான் நடக்கும் என்றார் ஐன்ஸ்டைன். அதைக் கண்ணால் பார்க்க ஒளியின் வேகத்தை நெருங்க வேண்டும். கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜில் அவ்வளவு சிரமம் வேண்டாம். லெக்சர் ஹாலிலிருந்து எழுந்து பிசிக்ஸ் லேபுக்குள் நுழைந்தால் போதும். வாரம் ஒரு மணி நேரம் லெக்சர் கேட்டால் பட்டத்துக்கான கணக்கில் ஒரு யூனிட். லேபில் அதே ஒரு யூனிட்டுக்கு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். லெக்சருக்கு வீட்டில் படிக்கும் வேலை உண்டு, லேபுக்கு இல்லை என்பது கணக்குப் போட்டவர்களின் சமாதானம். ஊசலை ஆட்டி, அலைவுக்கு நேரம் குறித்து, வரைபடம் போட்டு, பிழை எங்கிருந்து வந்தது என்று பக்கம் பக்கமாக எழுதும் ரிப்போர்ட் ராத்திரியில் தானாக முளைத்துவிடும் போலிருக்கிறது.

வாத்தியார் கதை இன்னும் விசேஷம். பல கல்லூரி மாவட்டங்களில் அவர் லேபில் நின்ற ஒரு மணி, சம்பளப் பட்டியலில் முழு மணியாக ஏறாது. கழிவு போகத்தான் ஏறும். லேசர் யார் கண்ணிலும் படாமல், மின்சுற்றை யாரும் தப்பாகப் பூட்டிவிடாமல் ஒரு வகுப்பையே கட்டிக் காப்பது கற்பித்தலில் சேராதாம். வாசலில் நிற்கும் செக்யூரிட்டிக்காவது முழு மணிக்கும் கூலி உண்டு.

ஒரே மாவட்டத்தில் முழுநேர வேலைச்சுமையில் 67 சதவீதத்துக்கு மேல் பகுதிநேர ஆசிரியருக்குக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். கொடுத்தால் வேலை நிரந்தரமாகித் தொலைக்குமே! ஆகவே காலையில் ஒரு காலேஜ், மத்தியானம் இன்னொன்று, ராத்திரி வகுப்புக்கு மூன்றாவது. கார் டிக்கியில் சுருள்வில், எடைக்கற்கள், திருத்தாத ரிப்போர்ட் கட்டு. ஆபீஸ் என்பது அதுதான். பாடநேரத்தில் 75 சதவீதம் முழுநேர ஆசிரியர் கையில் இருக்க வேண்டும் என்று 1988-ல் இதே மாநிலம்தான் சட்டத்தில் எழுதி வைத்தது. மாநிலக் கணக்கில் இன்றைக்கும் அது எட்டாக்கனி.

இத்தனையும் தாண்டி யூனிட் சேர்த்த பிள்ளை, பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது அடுத்த நாமம். 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத யூனிட்டுகளைப் பறிகொடுத்தார்கள் என்று மத்திய அரசின் தணிக்கை அலுவலகமே 2017-ல் மதிப்பிட்டது. நாடு முழுக்க, எல்லா வகைக் கல்லூரிகளும் சேர்ந்த கணக்கு அது. லேபில் கொஞ்சம் ஆற்றல் காணாமல் போனால், எங்கே போயிற்று என்று மாணவனைக் குடைந்து எடுத்து மார்க்கைக் குறைக்கிறோம். அவன் யூனிட்டைத் தொலைத்தவனைக் கேட்பார் இல்லை. ‘எங்கள் பாடத்திட்டத்தோடு பொருந்தவில்லை’ என்று ஒரு மின்னஞ்சல், தீர்ந்தது விவகாரம்.

கேட்டால் நிதி இல்லை என்று கையை விரிக்கிறார்கள். கட்டடத்துக்கு மட்டும் இருக்கிறது! 55 சதவீத ஓட்டு விழுந்தால் கடன்பத்திரம் விற்றுக் கட்டிக்கொள்ளலாம் என்று 2000-ல் ‘முன்மொழிவு 39’ என்ற மாநில வாக்கெடுப்பு வழி திறந்துவிட்டது. அந்தப் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. அறிவியலுக்குக் கண்ணாடி மாளிகை எழும்பும், தலைவர் ரிப்பன் வெட்டுவார், வருங்கால விஞ்ஞானிகளைப் பற்றி வாய் கிழியப் பேசுவார். அந்தக் கட்டடத்தில் பாடம் நடத்தப் போகிறவர் அந்நேரம் 405 நெடுஞ்சாலை நெரிசலில் சிக்கி நிற்பார், அதற்குச் சம்பளம் கிடையாது.