எங்கே கிளம்பிட்டே, எஸ்.வி.சி.ஹோஸ்ட்?

எங்கள் வீட்டில் இலாகா பிரிப்பு எப்போதோ முடிந்துவிட்டது. நிதி, உணவு, கல்வி, உறவினர் நலம் எல்லாம் மனைவியிடம். செருப்பு ஸ்டாண்ட் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், டிவியில் என்ன ஓட வேண்டும் என்பவை மகளிடம். கம்ப்யூட்டருக்கு ஃபயர்வால் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மட்டும் என்னிடம். காரணம், அது என்னவென்று வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

இந்த இலாகா என் தலையில் விழக் காரணம் 2003 ஆகஸ்டில் வந்த பிளாஸ்டர் என்கிற புழு. அதற்கு முன்னால் வந்த வைரஸ்களில் பலவும் கொஞ்சம் மரியாதை தெரிந்தவை. நாம் மெயிலைத் திறந்து, இணைப்பை கிளிக் செய்து, வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் வரும். பிளாஸ்டருக்கு அதெல்லாம் வேண்டாம். நெட்டை இணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாலே 135 என்ற எண்ணுள்ள போர்ட் என்கிற வாசல் வழியாக வந்து சேர்ந்துவிடும். வந்ததும் திரையில் ஒரு பெட்டி தோன்றும்: இன்னும் அறுபது வினாடியில் கம்ப்யூட்டர் அணையப்போகிறது, வேலையைச் சேமித்துக்கொள். பிறகு 59, 58, 57 என்று இறங்குமுகம். கெடு வைத்து அடிக்கிற யோக்கியமான புழு என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கெடு வைத்தது புழு அல்ல. புழு குடைந்ததில் விண்டோஸின் முக்கியமான சர்வீஸ் ஒன்று செத்துப்போக, விண்டோஸே வைத்த ஒப்பாரி அது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2001-ல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோதே அதற்குள் ஒரு ஃபயர்வால் இருந்தது. அணைத்துவைத்து விற்றார்கள். நெட்வொர்க் இணைப்பைத் தேடிப்பிடித்து, ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, அட்வான்ஸ்டு என்ற பக்கத்துக்குப் போய் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் அது விழித்துக்கொள்ளும். அட்வான்ஸ்டு என்று எழுதியிருக்கிற எதையும் தொடாதே என்பது எனக்குக் கம்ப்யூட்டர் விற்றவர் சொன்ன முதல் உபதேசம். 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் 2 வந்த பிறகுதான் அது தானாகவே விழித்திருக்கத் தொடங்கியது.

என் மைத்துனன் அதுவரை காத்திருக்கவில்லை. “அத்தான், ஃபயர்வால் போடாமலா நெட் வச்சிருக்கீங்க?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது கேட்டான். எதிரே பரிமாறிக்கொண்டிருந்த மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெண்ணை எப்படிப்பட்ட இடத்தில் கொடுத்திருக்கிறோம் என்று அவருக்கு ஏற்கெனவே இருந்த சந்தேகம், ரசம் ஊற்றுகிற அந்த நேரத்தில் புதுப்பிக்கப்பட்டது. “பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், எது நல்லதுன்னு” என்றேன். அன்று மாலையே பார்க்கத் தொடங்கினேன்.

ஸோன்அலார்ம், கெரியோ, சைகேட், அவுட்போஸ்ட் என்று பல பெயர்கள் அப்போது அடிபட்டன. எல்லாமே இலவசப் பதிப்பிலும் கிடைத்தன. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வரும் சி.டி.யில் சேர்ந்தே வந்தன. நீளக் கணக்கு நோட்டில் கோடு போட்டு ஒப்பிட்டேன். விலை என்ற பத்தியில் வரிசையாகப் பூஜ்யம். அதற்கடுத்த பத்திகளுக்குத் தலைப்பு வைக்கவே எனக்குத் தெரியவில்லை. கடைசியில் எதன் ஐகான் கண்ணுக்கு லட்சணமாக இருந்ததோ அதைப் போட்டேன். பெண் பார்க்கப் போனபோதும் என் முறை இதுவே. அங்கே அதிர்ஷ்டம் இருந்தது.

விண்டோஸோடு வந்த ஃபயர்வாலுக்கும் தனியாக வாங்கிப் போடுகிறவற்றுக்கும் உள்ள வித்தியாசம், போட்ட பிறகுதான் விளங்கியது. விண்டோஸுடையது என் அப்பத்தா மாதிரி. திண்ணையில் உட்கார்ந்து, வருகிறவனை மட்டும் “யாருப்பா, எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?” என்று விசாரிக்கும். உள்ளேயிருந்து நாம் கூப்பிட்டு வந்தவன் என்றால் விட்டுவிடும். தானாக வந்தவன் என்றால் அப்படியே திருப்பி அனுப்பும். வெளியே கிளம்புகிறவனை ஒரு வார்த்தை கேட்காது. கிளம்புகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பது அப்பத்தாவின் சித்தாந்தம். மற்ற ஃபயர்வால்களுக்கு இந்தச் சாஸ்திரமெல்லாம் கிடையாது. செருப்பை மாட்டுகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி “எங்கே கிளம்பிட்டே?” என்று கேட்பதே அவற்றின் பெருமை. அதில் நியாயமும் இருந்தது. வேவு பார்க்கிற நிரல் எப்படியோ உள்ளே வந்துவிட்டால், திருடியதை வெளியே அனுப்பும்போதாவது பிடிக்கலாமே.

ஆகவே கேள்விகள் வரத் தொடங்கின. பிரவுசர் வெளியே போக விரும்புகிறது, அனுமதிக்கவா, மறுக்கவா? மீடியா பிளேயர் போக விரும்புகிறது, அனுமதிக்கவா, மறுக்கவா? நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் என்னிடம் அனுமதி கேட்ட முதல் ஜீவன் அது. உடனே பதில் சொல்லிவிடக் கூடாது என்று காப்பி குடித்துவிட்டு வந்து சொன்னேன். பிரிண்டர் மென்பொருளை வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காக்க வைத்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். ஜெனரிக் ஹோஸ்ட் பிராசஸ் ஃபார் வின்32 சர்வீசஸ். கூப்பிடும் பெயர் எஸ்.வி.சி.ஹோஸ்ட். முழுப் பெயரைப் படித்தும் ஆள் யாரென்று தெரியவில்லை. சுருக்கினால் இன்னும் மோசம். எங்கே போகிறாய் என்றால் வாயால் சொல்லாமல் ஒரு எண்ணைக் காட்டினார். இப்படிப்பட்ட ஆசாமிகளைத் தடுக்கத்தானே நான் இருக்கிறேன்? மறுத்தேன். ‘இனி கேட்காதே’ என்ற கட்டத்திலும் டிக் அடித்து, நிரந்தரமாக மறுத்தேன்.

நெட் நின்றுவிட்டது.

விண்டோஸின் சில்லறை வேலைகள் பலவும் அந்த ஒரே பெயரில்தான் ஓடுகின்றன. நாம் அடிக்கிற இணையப் பெயருக்கு உரிய எண் முகவரி எது என்று விசாரித்து வருவதும் அவற்றில் ஒன்று. அந்த ஆளை நான் உள்ளேயே அடைத்துவிட்டதால் கம்ப்யூட்டருக்கு எந்த முகவரியும் தெரியவில்லை. இதெல்லாம் பிற்பாடு வந்த ஞானம். அன்றைக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்துக்கு போன் போட்டுச் சத்தம் போட்டேன். பாவம், ஒரு லைன்மேன் வெயிலில் வந்து கம்பத்தில் ஏறி இறங்கினார், மோடத்தைக் கழற்றி மாட்டினார், “லைன்ல ஒண்ணும் இல்லையே சார்” என்றார். மோர் கொடுத்து அனுப்பிவைத்தோம். ஃபயர்வாலை மைத்துனன்தான் திறந்து பார்த்தான். திறந்தவன் சிரித்தான். மாமியாருக்கு போனில் சொல்லியும் விட்டான்.

அதன் பிறகு வெகுநாள் நான் எதையும் மறுக்கவில்லை. யார் கேட்டாலும் அனுமதி. பெயர் படிக்காமல் அனுமதி, பாதித் தூக்கத்தில் அனுமதி. வெளியே போகிறவனை மடக்கிக் கேட்கிற ஃபயர்வால் அபாரமான யோசனைதான். பதில் சொல்கிற இடத்தில் நான் உட்கார்ந்திருப்பேன் என்பதை மட்டும் அதைச் செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஓயாமல் கேள்வி கேட்கிற ஃபயர்வாலைவிட, வாயைத் திறக்காமல் வேலை பார்க்கிற ஃபயர்வால் என் போன்ற குடும்பஸ்தனுக்கு உத்தமம் என்பது என் கட்சி. நிபுணர்கள் கோபித்துக்கொள்ளலாம், அவர்கள் வீட்டுக் கேள்விகளுக்கு அவர்களே பதில் சொல்கிறார்கள்.

கேட்பது போக, ஃபயர்வால் சொல்லவும் செய்யும். இந்த முகவரியிலிருந்து ஒரு தாக்குதல் முறியடிக்கப்பட்டது, அந்த முகவரியிலிருந்து இன்னொன்று என்று சிவப்பில் அறிவிப்புகள் விடாமல் வரும். பால் பூத்தில் நின்று, என் கம்ப்யூட்டரைக் குறிவைத்து வெளிநாடுகளில் சதி நடப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே கொஞ்சம் அந்தஸ்துகூட ஏற்பட்டது. பிறகு தெரிந்தது: அவை பெரும்பாலும் எங்கோ புழு பிடித்த இயந்திரங்கள், இருக்கிற முகவரிகளையெல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்க்கிற சத்தம். என்னைத் தேடி யாரும் வரவில்லை. ரயில்வே டைம்டேபிள் ஸ்கேன் செய்து வைத்திருக்கிற கம்ப்யூட்டரைத் தேடி யார் வருவார்கள்?

ஸ்டீவ் கிப்சன் என்ற அமெரிக்கர் ஷீல்ட்ஸ்அப் என்றொரு இலவசச் சோதனையை இணையத்தில் வைத்திருக்கிறார். நம் கம்ப்யூட்டரின் முதல் 1056 போர்ட்களை வெளியிலிருந்து தட்டிப் பார்த்துவிட்டு, பதிலே வராத போர்ட்டுக்குப் பச்சைக் கட்டம் போடும். பள்ளியில் கிடைக்காத முழு மதிப்பெண்ணை இங்கே வாங்கிவிடுவது என்று உட்கார்ந்தேன். ஒரு கட்டம் மட்டும் நீலமாகவே நின்றது. நீலம் என்றால் மூடியிருக்கிறது, ஆனால் ‘மூடியிருக்கிறது’ என்று பதில் சொல்கிறது என்று அர்த்தம். அதனால் பெரிய கெடுதி இல்லை. எனக்கு மனது கேட்கவில்லை. இருக்கிற ஃபயர்வாலுக்குத் துணையாக இன்னொரு ஃபயர்வாலையும் போட்டேன். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டைச் சேர்த்து ஓட்டாதே என்பது இந்தத் துறையின் அரிச்சுவடி. முதலாவது வந்து, இரண்டாவது வெளியே போக விரும்புகிறது, அனுமதிக்கவா என்றது. இரண்டாவது முதலாவதைப் பற்றி அதையே கேட்டது. நான் இருவரையும் அனுமதித்தேன். கம்ப்யூட்டர் உறைந்தது.

ஃபயர்வாலைப் போட்டதாலேயே அடிபட்டவர்களும் உண்டு என்று அறிந்தபோதுதான் மனசு ஆறியது. 2004 மார்ச்சில் விட்டி என்றொரு புழு வந்தது. பிளாக்ஐஸ் என்ற ஃபயர்வாலிலும் அதே நிறுவனத்தின் வேறு சில பாதுகாப்பு மென்பொருள்களிலும் இருந்த ஓட்டை வழியாகவே அது நுழைந்தது. சுமார் 12,000 கம்ப்யூட்டர்களைப் பிடித்து, ஹார்டு டிஸ்கில் கண்ட இடத்தில் குப்பையை எழுதிவைத்தது. ஃபயர்வாலே போடாத சோம்பேறிகளை அது தொடவில்லை.

வீட்டில் இவ்வளவு நடந்தும், அலுவலகத்தில் என்னை விவரம் தெரிந்தவன் என்று நம்பினார்கள். பால் பூத்தில் பேசியதை அங்கேயும் பேசியிருப்பேன் போலிருக்கிறது. புதிதாக விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள் வந்தபோது, இது வீட்டு நெட்வொர்க்கா, பணியிட நெட்வொர்க்கா, பொது நெட்வொர்க்கா என்று ஒவ்வொன்றும் கேட்டது. எங்களுடையது பொதுமக்கள் வந்துபோகும் அலுவலகம். பொது என்று போட்டேன். பொது என்றால் ரயில் நிலையம், ஓட்டல் மாதிரி முன்பின் தெரியாதவர்களோடு இருக்கிற இடம் என்று விண்டோஸ் எடுத்துக்கொண்டு, பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரைக்கூட அண்டவிடாமல் கதவைச் சாத்தியது. கணக்கு மென்பொருளான டாலிக்கு லைசென்ஸ் கொடுக்கிற கம்ப்யூட்டரும் அதில் அடங்கும். லைசென்ஸ் கிடைக்காத மற்றவற்றில் கல்விப் பதிப்பாகத்தான் டாலியைத் திறக்க முடிந்தது. கல்விப் பதிப்பில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே கணக்கு எழுத முடியும். “சார், நம்ம ஆபீஸ்ல இனிமே மூணாம் தேதி வராதா?” என்று கணக்கு பார்க்கிற அம்மா கேட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அதை விவரிப்பதற்கில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸோடு வந்த ஃபயர்வால் மட்டும் ஓடுகிறது. எப்போதாவது ஒரு கேள்வி கேட்கும்; நானும் யோசித்துப் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ரௌட்டர் இருக்கிறது. வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் ஒளித்துவைப்பதால், நாம் கூப்பிடாமல் வருகிறவனுக்கு உள்ளே யாரைக் கேட்பது என்றே தெரியாது. மின்கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம், இந்த எண்ணுக்கு போன் செய்யவும் என்று வருகிற குறுஞ்செய்தியை மட்டும் இந்த இரண்டும் தடுக்காது. அது வந்தபோது நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். “நமக்கு இது பில்லு வர்ற மாசமே இல்லையேங்க” என்று அடுப்படியிலிருந்தே சொன்னாள் மனைவி.

போன மாதம் மகள் ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தாள். 2016-ல் மிராய் என்கிற நிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் அறுபது சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்தே லட்சக்கணக்கில் பிடித்த கதையை எனக்குப் பாடமாக நடத்திவிட்டு, “நம்ம ரௌட்டர் பாஸ்வேர்டு என்னப்பா?” என்றாள். பயனர் பெயர் அட்மின் என்றேன். “பாஸ்வேர்டு?” அதுவும் அட்மின்தான்.

அவளே மாற்றிவிட்டாள். புதிய பாஸ்வேர்டு அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் தெரியும். நான் கேட்டால் “எதுக்குப்பா?” என்கிறாள். அவள் ஒப்புக்கொள்கிற மாதிரி ஒரு காரணத்தை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.