சிரிப்பான் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

நீலகிரிச் சிரிப்பான் என்னும் பறவை சிரிக்கிறது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை இல்லை. யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்ற கேள்வியில்தான் எவரும் இதுவரை கை வைக்கவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இவ்வாய்வு.

முதலில் ஆவணம். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1839இல் இப்பறவைக்குக் ‘காக்கின்னன்ஸ்’ என்ற லத்தீன் அடைமொழியைச் சூட்டினார். ‘வாய்விட்டுச் சிரிக்கிற’ என்று பொருள். புன்முறுவலெல்லாம் இதில் சேராது. லின்னேயஸ் 1758இல் அமெரிக்கக் கண்டத்து வல்லூறு இனம் ஒன்றுக்கும், பல்லாஸ் 1811இல் காஸ்பியன் பகுதிக் கடற்பறவை ஒன்றுக்கும் இதே அடைமொழியை ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள். நம் பறவையின் பேரினப் பெயர் பலமுறை மாறி, 2017இல் ‘மான்டிசிங்க்ளா’ ஆயிற்று. அடைமொழி மட்டும் அசையவில்லை. பழனிமலையிலுள்ள பங்காளிக்கு ஃபேர்பேங்க் பாதிரியாரின் பெயர்; வயநாட்டுப் பங்காளிக்கு ஜெர்டனின் பெயரே. சிரித்த குற்றம் பதிவானது நீலகிரிக்காரர் மேல் மட்டும்.

இனி இலக்கணம். நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். நான்குக்கும் நீலகிரியில் சான்று கிடைக்கிறது.

எள்ளலுக்கு ஊட்டி வேட்டை. வெள்ளைக்காரத் துரைமார் சிவப்புக் கோட்டு மாட்டி, குதிரையேறி, கொம்பூதி, வேட்டைநாய்களோடு கிளம்பினார்கள். இங்கிலாந்துச் செந்நரி இங்கே இல்லை. ஆகவே அத்தனை மரியாதையும் நம்மூர்க் குள்ளநரிக்குக் கிடைத்தது.

பேதைமைக்குப் புல்வெளி. சோலைக்காடுகளுக்கு நடுவே விரிந்திருந்த மலைப் புல்வெளியைத் தரிசு என்று எண்ணி, 1843 முதல் யூகலிப்டஸையும், கூடவே சீகை மரத்தையும் நட்டுத் தள்ளினார்கள். சிரிப்பான் விரும்பித் தின்னும் தவிட்டுப்பழம் இரண்டிலும் காய்க்காது.

இளமை என்றால் சிறுபிள்ளைத்தனம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். மலை ரயில் ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். வழியில் 16 சுரங்கங்கள். ஒவ்வொன்றிலும் வண்டி நுழைந்ததும் ‘ஓ’வென்று கத்துகிறவர்களில் குழந்தைகள் சிறுபான்மை.

மடன் என்பது பிறர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு விடாமலிருப்பது. மே மாத நடுப்பகலில், தாவரவியல் பூங்காவில் குரங்குக் குல்லாய்க்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்களைப் பார்த்தால் உரை தேவைப்படாது.

ஆனால் ஒரு தடை எழுகிறது. துரையும் ரயிலும் வருமுன்பே பறவை சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்று தொடங்கினால் கூட்டமே சேர்ந்துகொள்ளும். அடர்ந்த புதருக்குள் ஒன்றையொன்று தவறவிடாமலிருக்கவே இந்தக் குரல் என்று சொல்லிவிட்டால், ஆராய்ச்சி இங்கேயே முடிந்துவிடும்.

நல்லவேளை, தொல்காப்பியத்துக்குப் பேராசிரியர் என்னும் உரையாசிரியர் எழுதிய உரை கைகொடுக்கிறது. பிறரை எள்ளுவதும் எள்ளல், பிறரால் எள்ளப்படுவதும் எள்ளல். அப்படியானால் ‘வாய்விட்டுச் சிரிக்கிற’ என்ற அடைமொழி பறவையின் குணத்தைச் சொல்லவில்லை. கீழே நின்று கேட்ட மருத்துவரின் மனநிலையைச் சொல்கிறது. பங்காளிப் பறவைகளும் சத்தம் போடுகின்றன. அங்கே பெயர் வைத்தவர்களுக்கு உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

சோலையோரம் நோட்டுப் புத்தகத்தோடு நின்று, பறவை யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று குறிப்பெடுப்பவரை எந்த வகையில் சேர்ப்பது? ஐந்தாவதாக ஒரு வகை வேண்டுமோ என்று ஆலோசித்ததில், பேதைமையிலேயே இடம் தாராளமாக இருப்பது தெரியவந்தது.